ரெட்டு போட்டால் ஃபாலோ: திருவொற்றியூர் கேட்டில் ஒரு வாரம்

வாயைத் திறக்காதவர்களைப் பேச வைப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் ஏழெட்டுப் பேரை ஓர் அறையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு யோசனை சொல்ல வைத்து, அதில் உருப்படியானதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வருவேன். "ஊரிலிருக்கிற எல்லாரிடமும் யோசனை கேட்கிறாய், என்னிடம் மட்டும் கேட்பதில்லையே" என்பார் என் கணவர். அவருடைய யோசனைகள் எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்பதில்லை.

எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குத் திருவொற்றியூரில் காலிக் கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டு ஒன்றில் பங்கு உண்டு. சாயங்காலமானால் அந்த யார்டின் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றனவாம், நகர மாட்டேன் என்கின்றனவாம். "நீங்கள் போய் அந்த ஆட்களை உட்கார வைத்துக் கொஞ்சம் யோசிக்க வையுங்கள்" என்றார். பெட்டியில் பாதி துணிமணி, பாதி வண்ண ஒட்டுச்சீட்டுகள். கூடவே ஒரு மேசை மணி. யாராவது குறுக்கே பேசினால் அடிப்பதற்கு.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் தங்கினேன். காலையில் கோயில் மணி, அதை அடுத்து ரயில், அதை அடுத்து எதிர்வீட்டுச் சண்டை. சண்டை முடிந்ததும் அதே இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வேலைக்குப் போனார்கள். எங்கள் பண்டமாரானில் சண்டை போட்டால் குறைந்தது ஒரு வாரமாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவோம். இந்த ஊரில் அதற்கெல்லாம் நேரமில்லை போல.

வந்த அன்று சாயங்காலமே ஸ்டெல்லா என்னைப் பார்க்க வந்துவிட்டார். யார்டின் கேட் இன்சார்ஜ். நாற்பது வயதிருக்கும், ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், அப்பா ரயில்வேயில் இருந்தவர். நடையில் ஒரு வேகம் இருந்தது, முகத்தில் மட்டும் தூங்காத களைப்பு. நான் பையைத் திறந்து வேலையை ஆரம்பிக்கப் போனேன். "மொதல்ல நாஸ்டா துன்னலாம் மேடம், அப்பால பேசலாம்" என்று கிளப்பிக்கொண்டு போனார்.

தள்ளுவண்டிக் கடையில் அத்தோ கொடுத்தார்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், நொறுக்கிய தட்டை எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடாம். எங்கள் ஊர் வறுத்த நூடுல்ஸான மீ கோரெங்குக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று எனக்குத் தோன்றியது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பக்கத்தில் நின்று சாப்பிட்ட லாரி டிரைவர் ஒருவர் தன் சிநேகிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நேத்து லைன்ல வண்டிய வுட்டுட்டு வூட்டுக்குப் போயி, குளிச்சி, துன்னுட்டு வந்தேன் மாமு. என் வண்டி நின்ன எடத்துலயே நின்னுகினு கீது."

ஸ்டெல்லா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "எங்க யார்டு லைனுதான் மேடம் அது" என்றார். பிறகுதான் விஷயம் முழுவதும் வெளியே வந்தது. அந்தக் கேட்டுக்கு இதுவரை எந்தப் பெண்ணும் பொறுப்பில் இருந்ததில்லை. ஸ்டெல்லாதான் முதல் ஆள், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேனேஜர் இந்த வாரத்துக்குள் ஒரு வழி சொல்லச் சொல்லியிருக்கிறார். வழி இல்லையென்றால் வேறு யார்டிலிருந்து ஓர் ஆண் வருவார், ஸ்டெல்லாவுக்கு ஆபீசுக்குள் ஒரு மேசை கொடுப்பார்கள்.

"பொம்பள சொன்னா டிரைவருங்க கேக்க மாட்டாங்களாம். டிரைவருங்கெல்லாம் நல்லாத்தான் கேக்கறாங்க மேடம். லாரிதான் கேக்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. நான் வந்தது யார்டுக்காக. அந்தத் தள்ளுவண்டி முன்னால் நின்றபோது அது ஸ்டெல்லாவுக்காக என்று ஆகிவிட்டது.

மறுநாள் முதல் கூட்டம். கடலோரச் சாலையில் ஆட்டோ ஒரு டிரெய்லருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காலை மடக்கிக் குந்தி உட்கார்ந்தார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் லாரிகள், மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று வீசும்போது மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரிலும் லாரிகள் நிற்கும், ஆனால் டிரைவர்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே தூங்குவார்கள். இங்கே ஒருவர் லாரி நிழலில் ஸ்டவ் பற்ற வைத்துக் கருவாட்டுக் குழம்பு கொதிக்க விட்டிருந்தார். மணலிக் காற்றை அந்த வாசனை அடித்துத் தள்ளிவிட்டது.

யார்டின் கூட்ட அறையில் ஏசி பல்லைக் கடிக்க வைத்தது. ஸ்டெல்லாவோடு சேர்த்து ஆறேழு பேர். அதில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் துரை. கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ராட்சத வண்டியை ஓட்டுபவர், காத்திவாக்கத்து மீனவக் குடும்பம், வாய்க்குப் பூட்டே கிடையாது. இன்னொருவர் பாபு. கேட்டில் கன்டெய்னர்களுக்கான பேப்பரைச் சரிபார்க்கும் கிளார்க், ஒல்லி, எதையும் யோசித்து நிதானமாகச் சொல்பவர்.

நான் வழக்கம்போல விதிகளைச் சொன்னேன். எந்த யோசனையையும் குறை சொல்லக்கூடாது. கேலி செய்யக்கூடாது. யார் எதைச் சொன்னாலும் "நன்றி" என்று ஏற்றுக்கொண்டு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். கிள்ளானில் இந்த விதிகளைச் சொன்னதும் ஆட்கள் தோளைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்து உட்காருவார்கள். இவர்கள் கோயிலில் பிரசங்கம் கேட்பதுபோல விறைத்துக்கொண்டார்கள்.

சீட்டுகள் வந்தன. "ரோட்டை அகலப்படுத்த வேண்டும்." "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்." இன்னொன்றில் "மாதா துணை." பச்சைச் சீட்டு ஒன்றில் "மதியம் மீன் கொழம்பா?" என்று இருந்தது. துரைதான். அவர் பாபுவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் மணியடித்தேன். வாயை மூடிக்கொண்டார்.

நடுவில் பாபு எழுந்து, பேப்பர் சரியாக இருக்கும் வண்டிகளுக்கு வேறு வரிசை வைக்கலாம் என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. எல்லாரும் விதிப்படி ஒரே குரலில் "நன்றி" என்றார்கள். பாபு அப்படியே உட்கார்ந்தார், அதன் பிறகு கூட்டம் முடியும்வரை வாயே திறக்கவில்லை. அவருடைய சீட்டுக் கட்டு பிரிக்கப்படாமல் மேசையிலேயே கிடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். சங்கரா மீன் வறுவலின் முள்ளை எடுத்துக்கொண்டே, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அவன் மனசு வுட்டுட்டான் மேடம். அவன் சொன்னத ஒருத்தன்கூட கலாய்க்கல இல்ல?"

"கலாய்க்காதது நல்லதுதானே?"

"இன்னா மேடம் நீங்க. ஒருத்தன் நல்லா சொன்னா நாங்க கலாய்ப்போம். கலாய்ச்சாத்தான் காதுல வாங்கினோம்னு அர்த்தம். அல்லாரும் நன்றி நன்றின்னா இன்னான்னு நெனைப்பான்? போ நைனா, வேலையப் பாருன்னு சொன்ன மாதிரி ஆய்டுச்சி."

எத்தனையோ ஊர்களில் ஓடிய என் வண்டி, இந்த ஊர் மேட்டில் ஏறாமல் நின்றுவிட்டது. கோபம் முதலில் அவர்கள் மேல் வந்தது, பிறகு அந்த மணியின் மேல் வந்தது. ஆனாலும் சும்மா விட மனமில்லை. இன்னும் பெரிய தாள்கள், இன்னும் கெட்டியான பேனாக்கள் என்று அன்றிரவு பையில் அடைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை அந்தப் பைக்கு விதி முடிந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறினேன். காசிமேட்டில் நிறுத்தி, ஒரு அம்மா மீன் கூடையோடு ஏறினார். இடமில்லாததால் கூடை என் பையின் மேல் உட்கார்ந்தது. ஐஸ் உருகி, மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியதை நான் பார்க்கவே இல்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலடிப்பேட்டையில் எடுத்துப் பார்த்தால் மஞ்சளும் ரோஸும் நீலமும் ஒன்றாகி, ஒரே கூழ். வாசனையை எழுத்தில் சொல்ல முடியாது.

"ஐயே, மொத்தமும் நனைஞ்சி போச்சா? பேஜாராப் போச்சேம்மா" என்று அந்த அம்மா உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு தாளில் சுற்றி இரண்டு கைப்பிடி நெத்திலி கொடுத்தார். "வறுத்துத் துன்னு. எல்லாம் சரியாப்பூடும்." வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

கையில் நெத்திலியும், பையில் கூழும், உடம்பு முழுக்க மீன் மணமுமாக யார்டுக்குள் நுழைந்தேன். கூட்ட அறைக்குப் போக எனக்கே கூச்சமாக இருந்தது. ஆட்கள் ஓய்வெடுக்கும் தகரக் கொட்டகைப் பக்கம் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், நேற்று ஏசி அறையில் ஊமையாக உட்கார்ந்திருந்த அதே ஆட்கள் கேரம் போர்டைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

துரை அடித்த சிவப்புக் காயின் குழியில் விழுந்தது. "டேய், ரெட்டு போட்டியே, ஃபாலோ போட உங்கப்பன் வருவாரா?" என்று ஒருவர். "அவங்கப்பா வந்தா போர்டையே தூக்கினு பூடுவாரு" என்று இன்னொருவர். கேரம் ஆடியவர்களுக்குத் தெரியும். சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது, அதை அடுத்துத் தன் காயின் ஒன்றையும் போட வேண்டும். அதுதான் ஃபாலோ. போடாவிட்டால் சிவப்பு மறுபடி நடுவுக்கே வந்துவிடும். துரையின் ஃபாலோ தவறியது. எல்லாரும் ஊளையிட்டார்கள். பாபுகூட.

என்னைப் பார்த்ததும் அமைதி. மூக்குகள் சுருங்கின. துரைக்கு அடக்க முடியவில்லை. "மேடம், நேத்து மணி. இன்னிக்கு மீனா?" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு மணி எங்கே என்று பார்த்தார்.

நான் சிரித்துவிட்டேன். மணி என்னிடம் இல்லை, மாடியிலேயே மறந்துவிட்டேன். அந்தச் சிரிப்போடு கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் மூச்சு வந்தது. நெத்திலியை வாங்கி யாரோ சமையல் செய்யும் அண்ணனிடம் கொண்டுபோனார்கள். எனக்கு ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள்.

என் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. நல்ல யோசனை வராதபோது கெட்ட யோசனை கேட்பது. அதைத்தான் கேட்டேன். "லாரி வரிசை எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் நீளணும். அதுக்கு நாம என்னென்ன செய்யலாம்? எவ்வளவு மோசமா வேணும்னாலும் சொல்லுங்க. கலாய்க்கலாம்."

"அதுக்கு ஒரே ஒரு கண்டிஷன் போட்டுக்கலாம் மேடம்" என்றார் துரை. "ஒருத்தன் சொன்னா அது ரெட்டு. அடுத்த ஆளு அதுமேல ஒண்ணு சேத்து ஃபாலோ போடணும். ஃபாலோ வுழலன்னா அந்த ரெட்டு செல்லாது." உலகத்தில் இருக்கிற என் தொழில்காரர்கள் ஒருவர் யோசனையின் மேல் இன்னொருவரைக் கட்ட வைக்க என்னவெல்லாமோ பாடுபடுகிறார்கள். துரை போர்டின் ஓரத்தில் ஸ்ட்ரைக்கரை உருட்டிக்கொண்டே அதை வீட்டு விளையாட்டு விதி போலச் சொல்லிவிட்டார். நான் உடனே ஒத்துக்கொண்டேன்.

"கேட்டு ஜன்னல இன்னும் சின்னதாக்கு" என்றார் ஒருவர். "உள்ள பாபுவ உக்கார வை, அவன் ஒரு நம்பர மூணு வாட்டிப் படிப்பான்" என்று துரையின் ஃபாலோ விழுந்தது. "நான் படிக்கலன்னா நீ வேற கன்டெய்னர் டப்பாவத் தூக்கினு போய்டுவ" என்று பாபு திருப்பினார். முதல் முறையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

"பேப்பர் இல்லாத வண்டிய லைனுக்கு முன்னால நிறுத்து" என்றார் ஸ்டெல்லா. "அவன் திரும்பிப் போகவும் எடம் இருக்கக் கூடாது" என்றார் பாபு. "அவன் போன் பண்ணி, ஆபீசுல எவனாவது எடுத்து, பேப்பர அனுப்புற வரைக்கும் பின்னால அல்லாரும் ஹாரன் அடிச்சிகினே இருக்கணும்."

துரை எழுந்து நின்றுவிட்டார். "யோவ், இது கெட்ட ஐடியாவா? நாம தெனம் இதத்தானய்யா செஞ்சிகினு கீறோம்!"

கொட்டகையே அதிர்ந்தது. ஸ்டெல்லா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ரோடு சின்னது, லாரி பெரிசு, அரசு கவனிக்கவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாம் ஓரமாகப் போய்விட்டது. நிறைய வண்டிகளுக்குப் பேப்பர் சரியாகத்தான் இருக்கிறது. இல்லாத ஒரு வண்டி முன்னால் வந்து நின்றுகொள்கிறது. அதைத் திருப்ப இடமில்லை. அவ்வளவுதான்.

"சரி, இப்ப அதையே திருப்பிப் போடுங்க" என்றேன். "பேப்பர் இல்லாதவன் எங்க நின்னா யாருக்கும் தொந்தரவு இல்ல?"

"எர்ணாவூர் பாலத்தாண்ட டீக்கடை. பக்கத்துல மைதானம் மாதிரி எடம் கீது" என்றார் ஒருவர். "அல்லா வண்டியும் அங்கதான் டீக்கு நிக்குது" என்று ஃபாலோ. எனக்கும் ஆசை வந்துவிட்டது. "எங்க ஊர்ல டிரைவருங்க மாமாக் சாப்பாட்டுக் கடையில தே தாரிக், அதான் நுரை பொங்க ஆத்தின டீ, குடிச்சிக்கிட்டே போன்ல பேப்பரை அனுப்புவாங்க" என்று ஒரு ரெட்டு போட்டேன். "அக்கா டீ குடிக்கச் சொல்லியே ஆளக் கவுத்துடும்" என்றார் துரை. நான் மேடமாக இருந்து அக்கா ஆனது அந்த நிமிஷத்தில்தான். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"டிரைவரு டீ குடிக்கிற நேரத்துல நாமளே அங்க போயி பேப்பரப் பாத்துடலாமே" என்றார் பாபு, மெதுவாக. யாரும் நன்றி சொல்லவில்லை. "பாபுக்கு வேலைக்கு வேல, டீக்கு டீ!" என்று கத்தினார்கள். பாபு வெட்கத்தோடு தலையைச் சொறிந்துகொண்டார்.

கடைசி ஃபாலோவை ஸ்டெல்லா போட்டார். "அப்ப பேப்பர் ஜன்னல இங்கேந்து எடுத்து டீக்கடைக்கே கொண்டு போய்டலாம். சரியா இருக்கிற வண்டிய போட்டோ எடுத்து கேட்டுக்கு அனுப்பிடு. இங்க வந்தா நிக்கவே வேணாம், நேரா உள்ள." நெத்திலி வறுவல் வந்தது. ஒருவர்கூடக் கையை நீட்டவில்லை, எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான்தான் ஆரம்பித்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் துரை எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். காத்திவாக்கத்தில் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கழிமுகத் தண்ணீர், அதற்கு மேல் மின்நிலையத்துப் புகைபோக்கிகள். துரையின் மனைவி ராணி இறால் தொக்கு செய்து வைத்திருந்தார். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. கிள்ளானில் இறாலில் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்போம் என்று சொன்னேன். ராணி என்னைப் பாவம் என்பதுபோலப் பார்த்தார்.

ஸ்டெல்லா மட்டும் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மேனேஜர் வருகிறார். "நீங்களே சொல்லிடுங்கக்கா. நீங்க இங்கிலீஷ்ல பேசினா அவரு கேட்டுப்பாரு. நான் பேசினா பாதியிலயே போனப் பாப்பாரு."

சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை எழுந்தது உண்மை. நான் பேசி ஜெயித்தால் கேட் ஸ்டெல்லாவுக்கு நிற்கும், ஆனால் அடுத்த பிரச்சினைக்கு இன்னொரு வெளியூர்க்காரியை அழைக்கச் சொல்வார்கள். மாட்டேன் என்றேன். ஸ்டெல்லாவின் முகம் விழுந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அதற்காக ஒன்று செய்தோம். எதிராளியாக நடித்துப் பார்ப்பதும் என் பையில் உள்ள தந்திரம்தான், அதற்குச் சீட்டு வேண்டாம். துரை மேனேஜர் ஆனார். ராணியின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி இன்னொன்றின் மேல் போட்டு, "வாட் இஸ் திஸ் ஸ்டெல்லா, டீக்கடையில ஆபீசா? கம்பெனி மானம் இன்னாத்துக்கு ஆவுறது?" என்றார்.

ஸ்டெல்லா பதில் சொன்னார். துரை விடவில்லை. மழை பெய்தால்? டீக்கடைக்காரர் கடையை மூடினால்? பொய்யான போட்டோ வந்தால்? ஒவ்வொன்றுக்கும் ஸ்டெல்லாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில், "நைனா, ஏறி வந்து என் கேட்டாண்ட ஒரு சாயங்காலம் நின்னு பாரு, அப்பால கேள்வி கேளு" என்று மேசையைத் தட்டினார். நாங்கள் கைதட்டினோம். "நாளைக்கு நைனாவ மட்டும் வுட்டுடு யக்கா" என்றார் துரை.

மேனேஜர் வெங்கட்ராமன் ஊரின் மறுகோடியில் உள்ள தலைமை அலுவலகத்திலிருந்து வந்தார். கெட்டவர் இல்லை. சிரிப்பதற்கு நேரம் ஒதுக்காதவர், அவ்வளவுதான். ஸ்டெல்லா நின்றுகொண்டே சொன்னார். முதலில் குரல் நடுங்கியது. பேப்பர் இல்லாத ஒரு வண்டி எப்படி எல்லாரையும் கட்டிப்போடுகிறது என்ற இடம் வந்ததும் நடுக்கம் போய்விட்டது. மேனேஜர் துரை கேட்ட கேள்விகளில் பாதியைக் கேட்டார். ஸ்டெல்லாவிடம் பதில் இருந்தது.

"இது யாரோட யோசனை?" என்றார் கடைசியில்.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாபு ஆரம்பித்து, எவரோ மேலே கட்டி, ஸ்டெல்லா முடித்தது. எவர் சொன்னது எது என்று எங்களில் ஒருவருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மேனேஜருக்கு ஒரு பெயர் வேண்டும், அதுவும் நியாயம்தான், நாளைக்குத் தவறாகப் போனால் யாரைக் கேட்பார்?

"என் பேரப் போட்டுக்கோங்க சார்" என்றார் ஸ்டெல்லா. "நல்லா வந்தா எங்க அல்லாரோடதும். கெட்டுப் போனா என்னுது."

மேனேஜர் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டார். "நாளைக்குச் சாயங்காலம் ஒருநாள் செஞ்சு பாருங்க. நான் கேமராவுல பார்ப்பேன். சரியா வரலைன்னா திங்கட்கிழமை புது ஆள் வந்துடுவார்." என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கிளம்பினார். நான் வாயே திறக்கவில்லை. என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான கூட்டம் வேறு கிடையாது.

அந்தச் சாயங்காலம் வந்தது. டீக்கடையில் பாபு ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டு உட்கார்ந்தார். நானும் கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். ஆரம்பமே சறுக்கல். முதலில் வந்த டிரைவர், "டீக்கடையில இன்னாயா செக்கிங்? நீ யாரு, டூப்ளிகேட்டா?" என்று நம்பாமல் வண்டியைக் கேட்டுக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைப் பார்த்துப் பின்னால் இருந்த இரண்டு பேரும். பாபு எழுந்து கத்தியது ஹாரனில் கேட்கவில்லை.

ஒரு ஆட்டோவைப் பிடித்து நான் கேட்டுக்கு ஓடினேன். அங்கே ஸ்டெல்லா ரோட்டு நடுவிலேயே நின்றிருந்தார். முதல் டிரைவரிடம் பேப்பர் அரைகுறை. "டீக்கடைக்குத் திரும்பிப் போண்ணே, அங்க பாபு பாத்துத் தருவான்."

"திரும்புறதா? இங்க எந்தக் காலத்துல எவன் திரும்பியிருக்கான்?" என்றார் டிரைவர். பழக்கத்தில் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இரண்டே வண்டிகள். அதற்குப் பின்னால் ரோடு காலி. அவர் தலையை வெளியே நீட்டி மறுபடியும் பார்த்தார். பிறகு அந்த நீள வண்டியை ஒடித்து, முன்னும் பின்னும் போய்த் திருப்பினார். பின்னால் இருந்த இரண்டும் அவரைப் பார்த்துத் திரும்பின. மேலே தன் வண்டியிலிருந்து துரை விசிலடித்தார். அந்த டிரைவர் போகிற வழியிலேயே எதிரே வந்த எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பாபுவைப் பார்க்காமல் ஒருவரும் டீக்கடையைத் தாண்டி வரவில்லை.

அடுத்த லாரி வந்தது. ஸ்டெல்லா போனில் போட்டோவைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், கையை வீசினார். அது நிற்காமல் உள்ளே போனது. அடுத்ததும். அடுத்ததும். ஒரு லாரிக்கும் இன்னொரு லாரிக்கும் நடுவில் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது, கடல் தெரிந்தது. ஸ்டெல்லா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாக்கா, ஒண்ணத்தையும் காணோம்? டீக்கடையில எதனா சண்டையா?" பாபுவைக் கூப்பிட்டுக் கேட்டோம். சண்டை எதுவும் இல்லை, மைதானத்தில் வண்டிகள் ஒழுங்காக நிற்கின்றன, அவருக்கு நாலாவது டீ ஆகிறது. பேசி முடிப்பதற்குள் இன்னொரு லாரி வந்து, நிற்காமல் உள்ளே போனது.

அப்போது கேட்டில் இருந்த போன் அடித்தது. ஸ்டெல்லா எடுத்தார். மேனேஜரின் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு கோபம்.

"கேமராவுல பார்க்கிறேன், ரோட்டுல ஒரு வண்டியும் இல்ல! சாயங்கால நேரத்துல யாரைக் கேட்டுக் கேட்டை மூடினீங்க? அங்க யாரு இன்சார்ஜ்?"

ஸ்டெல்லா திரும்பி ரோட்டைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவசரப்படவே இல்லை.

"கேட்டு தொறந்துதான் சார் கீது" என்றார். "இன்சார்ஜ் நான்தான்."